1,350 ரூபாயும் ஒரு பழைய பாயிண்டரும்

பாயிண்டர்னு சொன்னாலே நம்ம காலேஜ்ல ரெண்டு கோஷ்டி உண்டு. ஒண்ணு, "சி-யே வேண்டாம்பா, பைத்தான் போதும்"னு ஓடுற கோஷ்டி. இன்னொண்ணு, ரெண்டு ஸ்டார், மூணு ஸ்டார் போட்டு எழுதி ஜூனியர்ஸை மிரட்டுற கோஷ்டி. செகண்ட் இயர் முடியற வரைக்கும் நான் ரெண்டாவது கோஷ்டி. அதுலேர்ந்து எப்படி வெளியே வந்தேங்கறதைத்தான் எழுதப் போறேன். நடுவுல கொஞ்சம் டேட்டாபேஸ் வரும், எங்க மளிகைக் கடையும் வரும். ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். எல்கேஜிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். ர, ற இடம் மாறியிருந்தா எடிட்டர் அண்ணாவைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க.

எங்க ஊர் அருப்புக்கோட்டை பக்கம். அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் வேலை. வீட்டு முன் ரூம்ல அம்மா மளிகைக் கடை வெச்சிருக்காங்க. எங்க தெருவுல முக்கால்வாசிப் பேர் கடனுக்குத்தான் வாங்குவாங்க. சம்பளம் வந்ததும் மொத்தமாவோ கொஞ்சம் கொஞ்சமாவோ குடுப்பாங்க. இதுக்குன்னு அம்மாகிட்ட ஒரு நீள நோட்டு உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். முன் அட்டைக்கு உள்பக்கம் பேரும், நேரா பக்க எண்ணும் எழுதியிருக்கும். வாங்கினா ஒரு வரி, குடுத்தா ஒரு வரி. தப்பா எழுதிட்டா அம்மா அழிக்க மாட்டாங்க. குறுக்கே ஒரு கோடு போட்டுட்டு கீழே புதுசா எழுதுவாங்க. அந்த நோட்டைப் பார்த்தாலே எனக்கு அப்போ சிரிப்பா வரும்.

நாலாவது செமஸ்டர்ல டிபிஎம்எஸ் படிச்சோம். அதுக்கு முந்தின செமஸ்டர்ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். ரெண்டும் சேர்ந்து மண்டைக்கு ஏறிடுச்சு. மே மாச லீவுல "அம்மா, இந்த நோட்டைத் தூக்கிப் போடுங்க, நான் ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தர்றேன்"னு உட்கார்ந்தேன். மொழி சி. டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். மெஷின், அண்ணனோட பழைய லேப்டாப்பும் அதுல நான் போட்ட உபுண்டுவும்.

எஸ்க்யூலைட் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ரிச்சர்ட் ஹிப்னு ஒருத்தர் 2000-ல வெளியிட்டது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒண்ணுக்கான சாஃப்ட்வேர் வேலையில இருந்தப்போ அவருக்கு வந்த யோசனை. இதுக்குத் தனியா சர்வர் வேண்டாம். மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். நம்ம ப்ரோக்ராமோட சேர்த்து கம்பைல் பண்ணிக்கலாம். உங்க ஆண்ட்ராய்டு ஃபோனுக்குள்ளயும் இது இருக்கு. சின்னக் கடைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாதுன்னு இப்பவும் சொல்லுவேன்.

சி-லேர்ந்து ஒரு டேபிளைப் படிக்கறது எப்படின்னா, ஒரு செலக்ட் எழுதி, "ஸ்டெப்"னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடணும். ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் ஒரு ரோ வரும். ரோ இருந்தா 100-னு பதில், முடிஞ்சா 101-னு பதில். அந்த ரோவுல எத்தனாவது ஃபீல்டு வேணும்னு நம்பர் குடுத்துக் கேட்டா எடுத்துத் தரும். எண்ணா இருந்தா எண்ணையே கையில குடுத்துடும். பேர் மாதிரி எழுத்தா இருந்தா எழுத்தைக் குடுக்காது, எழுத்து இருக்கற இடத்தோட முகவரியைக் குடுக்கும். அதாவது பாயிண்டர். என் ரோதனை எல்லாம் ஆரம்பிச்சது இங்கதான்.

முதல் நாள், எல்லா ஆளுங்களையும் படிச்சு ஒரு அர்ரேல போட்டேன். பாக்கித் தொகை எல்லாம் சரியா வந்துச்சு. ஆனா பேர்ல பாதிக்கு மேல கடைசி ஆளோட பேர், நடு நடுவுல குப்பை எழுத்து. எஸ்க்யூலைட் குடுக்கற முகவரி அடுத்த ஸ்டெப் கூப்பிடற வரைக்கும்தான் செல்லும். அதுக்கப்புறம் அதே இடத்துல அடுத்த பேரை எழுதினாலும் எழுதும், இடத்தையே விட்டுட்டாலும் விட்டுடும். நான் பேரைக் காப்பி பண்ணாம முகவரியை மட்டும் காப்பி பண்ணி வெச்சிருந்தேன். பேரைத் தனியா காப்பி எடுத்ததும் சரியாயிடுச்சு.

ரெண்டாவது நாள் இன்னும் காமெடி. ஒருத்தர் பேர்ல ஸ்பெல்லிங் தப்பு. பாயிண்டர்தான் கையில இருக்கே, அது காட்டற இடத்துல எழுத்தை மாத்தினா டேபிள்லயே மாறிடும்னு நினைச்சேன். கம்பைலர் "அது கான்ஸ்ட், தொடாதே"ன்னு எச்சரிச்சுது. நான்தான் மூணு ஸ்டார் கோஷ்டியாச்சே, காஸ்ட் போட்டு அதோட வாயை மூடினேன். ஸ்க்ரீன்ல பேர் மாறுச்சு. ப்ரோக்ராமை மூடித் திறந்தா பழைய பேர். டேபிள்ல இருந்ததோட பிரதி ஒண்ணைத்தான் நான் மாத்தியிருக்கேன். டேபிள் மாறணும்னா ஒரே வழி அப்டேட் கமாண்ட். அதுக்குப் புது மதிப்பை பைண்ட் பண்ணிக் குடுக்கணும். அங்கேயும் ஒரு பாயிண்டர்தான் குடுக்கறோம். "இது நிலையா இருக்கும், நம்பு"ன்னு சொல்லலாம், இல்ல "இப்பவே ஒரு காப்பி எடுத்துக்கோ"ன்னு சொல்லலாம். முதல் வகை பேர் ஸ்டாட்டிக், ரெண்டாவது ட்ரான்சியன்ட். சந்தேகம்னா ரெண்டாவதைப் போடுங்க. இன்னொரு கூத்து: படிக்கறப்போ ஃபீல்டு எண் 0-லேர்ந்து ஆரம்பிக்கும், பைண்ட் பண்றப்போ 1-லேர்ந்து. இதுல எனக்கு ஒரு ராத்திரி போச்சு.

மூணாவது, ஃபோன் நம்பர் இல்லாத ஆளுங்க. ஃபீல்டு காலியா நல்லா இருந்தா பாயிண்டரும் நல்தான் வரும். அதோட நீளத்தை எண்ணப் போனா ப்ரோக்ராம் அங்கேயே விழுந்துடும். (நல்லா-ன்னா நல்லது இல்ல, ஜீரோ பாயிண்டர். தமிழ்ல எழுதறப்போதான் இந்த வார்த்தை எவ்வளவு ஏமாத்துதுன்னு தெரியுது.) அதை 1965-ல ஆல்கால் டபிள்யூ மொழிக்காகக் கொண்டுவந்த டோனி ஹோரே, பல வருஷம் கழிச்சு அதைத் தன்னோட நூறு கோடி டாலர் தப்புன்னு சொன்னார். எனக்கு ஒரு இஃப் கண்டிஷனோட முடிஞ்சுது.

இந்த மூணு தப்புலயும் ஒரு நல்ல குணம் இருந்துச்சு. கண்ணுக்கு உடனே தெரிஞ்சுது. அதனால எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். 41 பேரோட பாக்கியை நோட்டைப் பார்த்து டைப் பண்ணினேன். பத்தாவது வரைக்கும் படிச்ச அம்மா ரெண்டே நாள்ல பழகிட்டாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். நம்பர் அடிச்சா அவங்க கணக்கு வரும்.

கடையில ஒரே நேரத்துல ரெண்டு பேர் வந்து நிப்பாங்கல்ல? அதுக்காக ஒரு வசதி வெச்சேன். ஒருத்தர் கணக்கைத் திறந்து வெச்சிருக்கறப்பவே ஒரு கீ அடிச்சா புது ஆளைச் சேர்த்துட்டு, பழையபடி அதே கணக்குக்குத் திரும்பலாம். அதைப் பத்தி அப்பாகிட்டகூட பெருமை அடிச்சுக்கிட்டேன். ஒரு மாசம் நோட்டுலயும் எழுதிக்கிட்டே இருந்த அம்மாவை, "ரெண்டு வேலை எதுக்கும்மா?"ன்னு சொல்லி நிறுத்த வெச்சதும் நான்தான்.

செப்டம்பர்ல நான் ஹாஸ்டல்ல இருக்கேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா ஃபோன். எங்க தெரு முனையில பூ கட்டி விக்கற அக்கா பல வருஷமா எங்க கடையிலதான் வாங்குவாங்க. என்னைத் தூக்கி வளர்த்தவங்க. அவங்க பாக்கி 1,350 ரூபாய்னு கம்ப்யூட்டர் காட்டுது. அவங்களோ போன சனிக்கிழமையே குடுத்துட்டேங்கறாங்க.

"விளக்கு வெச்ச நேரம், பக்கத்துல ஒரு புதுப் பையன் சோப்பு கேட்டுக்கிட்டு நின்னான், அப்பத்தான் குடுத்தேங்கறாங்கடி. எனக்கும் குடுத்த மாதிரிதான் இருக்கு. ஆனா அன்னைக்குக் கூட்டம், சரியா ஞாபகம் இல்ல. கம்ப்யூட்டர்ல அப்படியே நிக்குது."

நான் கேட்ட ஒரே கேள்வி, "ப்ரோக்ராம் ஏதாவது எரர் காட்டுச்சாம்மா?"

"இல்லடி."

"அப்போ அவங்க மறந்திருப்பாங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

இந்த வாக்கியத்தை எழுதறப்போ இப்பவும் எனக்குக் கூசுது. புதுப் பையனைப் பத்தி அம்மா சொன்னதை நான் காதுலயே வாங்கலை.

அடுத்த நாள் பூக்கார அக்கா வந்தாங்களாம். கல்லா மேல 1,350 ரூபாயை வெச்சுட்டு, "மெஷினுக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருமா தங்கச்சி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். அதோட எங்க கடைக்கு வரதை நிறுத்திட்டாங்க. ரெண்டு தெரு தள்ளி இருக்கற கடைக்குப் போக ஆரம்பிச்சாங்க. அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் இல்லன்னு அப்பா சொன்னார். நான் அந்த வாரம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப்ல ஜூனியர்ஸுக்கு லிங்க்டு லிஸ்ட் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. ஃபைனல் இயர், ப்ளேஸ்மென்ட் சீசன். எனக்கும் ரூம்மேட்டுக்கும் மாக் இன்டர்வியூ. "டாங்ளிங் பாயிண்டர்னா என்ன?"ன்னு கேட்டா. "ஃப்ரீ பண்ணின மெமரியை இன்னும் காட்டிக்கிட்டு இருக்கற பாயிண்டர்"னு டக்குனு சொன்னேன். "உன் கடை ப்ராஜெக்ட்ல அது வர வாய்ப்பு இருக்கா?"ன்னு கேட்டா. "சான்ஸே இல்ல." "அர்ரே நிறைஞ்சா என்ன பண்றே?" "ரீஅலாக் போட்டு டபுள் பண்றேன்." "அப்போ யாரோட கணக்காவது திறந்திருந்தா?"

நான் வாயைத் திறந்தேன். பதில் வரலை.

அன்னைக்கு ராத்திரியே 64 போலிப் பேர் போட்டு ஒரு டெஸ்ட் டேபிள் பண்ணினேன். அட்ரஸ் சானிட்டைசர்னு ஒரு வசதி இருக்கு. ஜிசிசி, கிளாங் ரெண்டுலயும் கம்பைல் பண்றப்போ ஒரு ஆப்ஷன் சேர்த்தா போதும். 37-வது ஆளோட கணக்கைத் திறந்தேன். புது ஆளைச் சேர்த்தேன், அது 65-வது. திரும்பி வந்து தொகையை அடிச்சேன். ஸ்க்ரீன் முழுக்க சிவப்பு. ஹீப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ. எந்த வரியில தொட்டேன், எந்த வரியில அந்த மெமரி விடுபட்டுச்சு, எங்க வாங்கினதுன்னு மூணையும் சொல்லுச்சு.

நடந்தது இதுதான். என் அர்ரே முதல்ல 16 பேருக்கு இடம் வாங்கும். நிறைஞ்சா 32, அப்புறம் 64, அப்புறம் 128. பெருசாக்கறப்போ பக்கத்துல இடம் இல்லன்னா, ரீஅலாக் எல்லாரையும் வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடும். பழைய இடம் ஃப்ரீ ஆயிடும். ஆனா திறந்திருந்த கணக்கைக் காட்டற என் பாயிண்டருக்கு அது தெரியாது. அது பழைய இடத்தையே காட்டிக்கிட்டு இருக்கும். ஃப்ரெண்ட் வீடு மாறினது தெரியாம பழைய வீட்டு வாசல்ல பணக் கவரை வெச்சுட்டு வர மாதிரி. பழைய வீட்டுல அவனோட சாமான் கொஞ்சம் அப்படியே கிடக்கு, அதனால சந்தேகமும் வராது.

அம்மா 1,350-ஐ அடிச்சதும் பழைய இடத்துல பாக்கி ஜீரோ ஆச்சு. ஸ்க்ரீனும் அதே பாயிண்டர் வழியாத்தான் படிக்குது, அதனால ஜீரோன்னு காட்டுச்சு. அம்மாவும் சரின்னு விட்டுட்டாங்க. ராத்திரி மூடறப்போ ப்ரோக்ராம் புது அர்ரேவை வரிசையா பார்த்து, "மாறியிருக்கு"ன்னு குறி இருக்கற ஆளுங்களை மட்டும் அப்டேட் பண்ணும். அந்தக் குறியும் பழைய வீட்டுலயே போயிடுச்சு. புது அர்ரேல அக்காவோட பாக்கி 1,350. எரர் எதுவும் வரலை, ஏன்னா டேட்டாபேஸ் கிட்ட யாரும் எதுவும் கேக்கவே இல்ல.

கடை டேட்டாபேஸோட காப்பி என் பென்டிரைவ்ல இருந்துச்சு. ஆளுங்க டேபிள்ல "சேர்ந்த தேதி"ன்னு ஒரு ஃபீல்டு வெச்சிருந்தேன், நேரத்தோட. கை நடுங்கிக்கிட்டே 65-வது ரோவைத் திறந்தேன். செப்டம்பர் ரெண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் 6:52. மில்லுக்குப் புதுசா வேலைக்கு வந்த பையன். சோப்பு வாங்கினவன்.

இந்த பக் அந்தக் கடையோட வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் வந்திருக்க முடியும். 41 பேரை நான் டைப் பண்ணினப்போ யார் கணக்கும் திறந்து இல்ல. அதுக்கப்புறம் 64 வரைக்கும் இடம் இருந்துச்சு. 65-க்கு அப்புறம் 128 வரைக்கும் இடம் இருக்கு. நடுவுல அந்த ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துல அந்த அக்கா கணக்கு திறந்திருந்துச்சு. நான் எத்தனை தடவை டெஸ்ட் பண்ணியிருந்தாலும் 10 பேரை வெச்சு டெஸ்ட் பண்ற வரைக்கும் சிக்கியிருக்காது.

பொங்கல் லீவுக்குப் போனதும் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா திட்டலை. "அப்போ அவங்க சொன்னது நெசந்தான்"னு மட்டும் சொன்னாங்க. உள்ளே போய் பணம் எடுத்துட்டு வந்தாங்க. ரெண்டு பேருமா பூக்கார அக்கா உட்கார்ற இடத்துக்குப் போனோம். பொங்கல் நேரம், நல்ல வியாபாரம். கூட்டம் குறையற வரைக்கும் நின்னோம். ரீஅலாக்கை எல்லாம் எப்படிச் சொல்றது? "அக்கா, நீங்க குடுத்தது நெசம். நான் எழுதினதுல தப்பு. நீங்க குடுத்த பணத்தை அது வேற எடத்துல எழுதிடுச்சு"ன்னு சொன்னேன். தொழில்நுட்பப்படி பார்த்தாலும் அது சரியான விளக்கம்தான்.

அவங்க பணத்தை வாங்கி ரெண்டு தடவை எண்ணினாங்க. "நான் அன்னைக்கே சொன்னேன்ல பாப்பா"ன்னாங்க. அப்புறம் ஒரு முழம் பூவை வெட்டி அம்மா கையில குடுத்தாங்க. அம்மா காசு குடுத்தாங்க, அவங்க வாங்கிக்கிட்டாங்க. அவ்வளவுதான். இதை எழுதற வரைக்கும் அவங்க கடைக்குத் திரும்ப வரலை. வழியில பார்த்தா பேசறாங்கன்னு அம்மா சொல்றாங்க.

லீவு முடியறதுக்குள்ள ப்ரோக்ராமை மாத்தி எழுதினேன். பண்ணின மாத்தம் மூணுதான், ஜூனியர்ஸுக்கு உதவும்னு சொல்றேன்.

ஒண்ணு, திறந்திருக்கற கணக்கை முகவரியா வெக்கறது இல்ல, ஆள் நம்பரா வெக்கறேன். தேவைப்படறப்போ நம்பரை வெச்சுத் தேடி எடுத்துக்கறேன். அர்ரே எங்க போனாலும் நம்பர் மாறாது. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. எஸ்க்யூலைட் தன்னோட ஃபைலுக்குள்ள இதைத்தான் பண்ணுது. மெமரி முகவரியை அங்கே வெக்கறதே இல்ல. ஃபைலைப் பக்கம் பக்கமா பிரிச்சு, ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொண்ணைக் காட்டறதுக்குப் பக்க எண்ணைத்தான் எழுதி வெக்குது. அம்மா நோட்டு அட்டையில எழுதியிருந்ததும் பக்க எண்தான்.

ரெண்டு, பாக்கிங்கற ஃபீல்டை மாத்தறதையே விட்டுட்டேன். வாங்கினா ஒரு ரோ, குடுத்தா ஒரு ரோ. பாக்கி வேணும்னா கூட்டிக்கலாம். ஒரு ஃபீல்டு மேல புது எண்ணை எழுதினா பழைய எண் போயிடும். யார் சொல்றது சரின்னு பார்க்க எதுவும் மிஞ்சாது. தப்பு நடந்தா அதைத் திருத்த இன்னொரு ரோ. அம்மா குறுக்கே கோடு போட்டுட்டு கீழே எழுதுவாங்கன்னு சொன்னேனே, அதேதான்.

மூணு, ராத்திரி மொத்தமா சேவ் பண்றது கிடையாது. தொகை அடிச்ச உடனே டேபிளுக்குப் போகுது. போனதுக்கு அப்புறம் டேபிள்லேர்ந்தே திரும்பப் படிச்சு ஸ்க்ரீன்ல காட்டறேன். ஸ்க்ரீன்ல தெரியறது என் மெமரியில இருக்கற பிரதியா, நெசமா டேபிள்ல இருக்கறதான்னு எனக்குத் தெரியணும்.

பாயிண்டர் மேல எனக்குக் கோபம் இல்ல. நான் குடுத்த முகவரியை அது ஒழுங்காக் காட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. எரர் வரலைன்னா சரியா இருக்குன்னு நான் நினைச்சதுதான் தப்பு. உங்க ப்ராஜெக்டை வெளியே ஒருத்தர் நெசமா பயன்படுத்தறாங்கன்னா, சானிட்டைசர் போட்டு ஒரு தடவையாவது ஓட்டுங்க. அர்ரே நிறையற எண்ணிக்கையில டெஸ்ட் பண்ணுங்க. யாராவது "நான் குடுத்துட்டேன்"னு சொன்னா, அவங்க சொல்ற நேரத்தையும் பக்கத்துல யார் நின்னாங்கங்கறதையும் முழுசாக் கேளுங்க. எனக்கு அந்த பக்கைக் கண்டுபிடிக்கத் தேவையான விவரம் எல்லாம் அந்த வெள்ளிக்கிழமை ஃபோன்லயே வந்திருந்துச்சு.

அம்மா இப்போ புது ப்ரோக்ராமும் வெச்சிருக்காங்க, பழைய நோட்டையும் திரும்ப எடுத்துட்டாங்க. ரெண்டுலயும் எழுதறாங்க. நான் ஒண்ணும் சொல்லலை.